சங்கிலிமுத்துவின் கண்ணீர் அஞ்சலி

போஸ்டரில் இருந்த ஆளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது சங்கிலிமுத்துவுக்கு. டீக்கடைச் சுவரில் பசை காயாமல் ஒட்டியிருந்தது. மீசைக்குக் கறுப்படித்து, பின்னால் நீலவானமும் இரண்டு புறாவும் போட்டிருந்தார்கள். கண்ணாடி வீட்டில் கிடந்ததால் எழுத்துத்தான் பிடிபடவில்லை.

"யாருப்பா இது? ஆளு லட்சணமா இருக்காரே!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கிளாஸ் கையை விட்டுப் போனது.

"சித்தப்பா... அது நீங்கதான சித்தப்பா!"

மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய் வாசித்தார். எம். புதுப்பட்டி வடக்குத் தெரு சங்கிலிமுத்து இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்துவிட்டாராம். ஆறாத் துயரத்தில் தவிக்கிறவர்கள் என்று கீழே ஒரு படையே நின்றது. அதில் பாதிப் பேர் அவரோடு பேசியே பல வருஷமாகிறது.

பட்டாசுக் கம்பெனியில் ஆயுசெல்லாம் மருந்து செலுத்தியவர் அவர். பக்கத்து ரூம் வெடித்துப் பறந்தபோதுகூட, காது மந்தமானதோடு தப்பி வந்தவர். அப்படிப்பட்ட மனிதர் டீ குடிக்க வந்த இடத்தில் செத்துப்போயிருந்தார்.

முதலில் வந்தது மகன் முனியராஜின் ஞாபகம். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

முனியராஜ் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான். சங்கிலிமுத்து போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அப்போது வந்த மகன், போகும்போது ஒரே வார்த்தைதான் சொன்னான். "இன்னொரு தடவை உங்களுக்கு ஏதோ ஆச்சுன்னு போன் வந்துச்சு, காரை எடுத்துட்டு வந்து தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவேன்."

கோயம்புத்தூர் வீடு நாலாவது மாடி. மனைவி இறந்த புதிதில் அங்கே கொஞ்ச நாள் இருந்து பார்த்தார். யாரும் கெடுதலாக நடத்தவில்லை. ஆனால் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு மூடின கதவு நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து மனது செத்துப்போய் ஊருக்கு ஓடி வந்துவிட்டார். தன் வீட்டில், தன் தெருவில், கண் மூடுகிற வரைக்கும் இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

"ஒன் போனைக் குடுடா," என்று கடைக்காரரிடம் வாங்கினார். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் நேற்றிலிருந்தே அணைந்து கிடந்தது. சார்ஜ் போட்டுக் கொடுக்கிறவர் எதிர்வீட்டு ராஜசிங் சார். அவரோடுதான் நேற்றுச் சண்டையாகிவிட்டதே.

முனியராஜின் போன் ஓயாமல் பிஸி. துக்கம் விசாரிக்கிறவர்கள் விடுவார்களா? ஒருவழியாகக் கிடைத்தபோது மருமகள் ஐஸ்வர்யாவின் குரல் கேட்டது.

"அவர் வண்டி ஓட்டுறாருங்க. யாரு பேசறது?"

"நான்தாம்மா, மாமா பேசுதேன்."

"எந்த மாமா?"

"ஒன் மாமனாரும்மா. சங்கிலிமுத்து."

அவள் பக்கத்தில் திரும்பிப் புருஷனிடம் சொல்வது கேட்டது. "பாத்தீங்களா! கம்ப்யூட்டர்ல குரலை அப்படியே மாத்திப் பேசற கும்பல்ங்க. சாவு வீடுன்னு தெரிஞ்சாப் போதும், வந்துருவானுங்க." அடுத்த நிமிஷம் போனில் பாய்ந்தாள். "மனசாட்சி இருக்காடா உனக்கு? செத்த மனுசன் குரல்ல பேசிப் பணம் பறிக்கப் பாக்கறியா?"

"ஏத்தா, நான் நெசமாவே..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆனால் வைப்பதற்கு முன்னால், பின்னணியில் முனியராஜ் அழுவது அந்த மந்தக் காதிலும் விழுந்தது. கேவிக் கேவி அழுதான். அவன் தனக்காக அப்படி அழுவான் என்று சங்கிலிமுத்து நினைத்ததே இல்லை. ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது, இன்னொரு பக்கம் அறுத்தது. திரும்பக் கூப்பிட்டபோது போனையே அணைத்துவிட்டிருந்தார்கள்.

சரி, பையன் வந்து சேருவதற்குள் போஸ்டரையாவது கிழித்துவிடுவோம் என்று கிளம்பினார். கண்ணால் பார்க்காவிட்டால் கோபம் பாதியாகக் குறையும் என்பது அவர் கணக்கு. போஸ்டர் விஷயத்தில் சிவகாசிக்காரர்களுக்குக் கை தாராளம். ரேஷன் கடையில், தண்ணீர்த் தொட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் என்று தெரு முழுக்கச் சங்கிலிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. மைதாப் பசை வேறு. சுரண்டினால் புறா மட்டும் வந்தது, ஆள் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் சுரண்டிக்கொண்டிருந்தபோது பிடரியில் ஓர் அறை விழுந்தது.

"எந்தப் பயலே அது? எங்க அத்தான் மூஞ்சியக் கிழிக்கவன்!"

திரும்பினார். சாத்தூர் மச்சினன், கையில் பெரிய ரோஜா மாலையோடு நின்றான். திரும்பிய முகத்தையும் சுவரில் இருந்த முகத்தையும் பார்த்தான். "ஆத்தே!" என்று பின்வாங்கியவன் நேராக வாறுகாலுக்குள் போய் விழுந்தான்.

கணுக்கால் பிசகிவிட்டது. தூக்கிவிட்ட நாலு பேரும் ஒரு கண்ணால் மச்சினனையும் ஒரு கண்ணால் சங்கிலிமுத்துவின் கால் தரையில் பாவுகிறதா என்றும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். உடுப்பெல்லாம் சாக்கடை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, கட்டிலில் படுக்கவைத்தார்கள். குளிருக்கும் வெட்கத்துக்குமாக அவன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மல்லாங்கிணற்றுச் சொந்தங்கள் வந்து இறங்கின. பக்கத்து வீட்டுச் சோலையம்மாளும் சேர்ந்துகொண்டாள். கதவைத் தள்ளினார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், மூடின உருவத்தைப் பார்த்தார்கள். அதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

"எங்கள விட்டுப் போயிட்டீகளே அண்ணே!" என்று மொத்தமாகக் கட்டிலில் விழுந்தார்கள்.

"அய்யோ காலு! காலை விடுங்க!" என்று போர்வைக்குள்ளிருந்து அலறல் வந்தது.

விழுந்தவர்கள் எழுந்து ஓடிய வேகத்தில் நிலைக்கதவு ஆடியது. வெளியே வாசலில் சங்கிலிமுத்து மச்சினனுக்காக வெந்நீர்ப் போசியோடு நின்றார். அவரைப் பார்த்ததும் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அந்த வெந்நீரை ஆற்றி அவள் முகத்தில் தெளிக்க வேண்டியதாயிற்று.

"உசுரோடதாம்த்தா இருக்கேன். தொட்டுப் பாருங்க."

சோலையம்மாள் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் அழுகையை நிறுத்தவில்லை.

"விடியக்காலம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு அண்ணே. நீங்கதான்னு நெனச்சிட்டேன்."

"நம்ம ரோட்டுல ஆம்புலன்ஸ் போகாத நாள் உண்டா சோலையம்மா? நான்தான் இருக்கேன்ல, அழுகைய நிறுத்து."

"இருங்கண்ணே. ஆரம்பிச்சிட்டேன், கொஞ்சம் அழுதுக்கிடுதேன்."

கம்பெனி விபத்தில் போன அவளுடைய மகனுக்கு அவள் அழுதாள். மல்லாங்கிணற்றுக்காரிகள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வீட்டில் போனவர்களுக்கு அழுதார்கள். இதில் குறுக்கே போய்ப் பேசச் சங்கிலிமுத்துவுக்கு வாய் வரவில்லை. அவரும் ஓரமாக உட்கார்ந்து தன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டார்.

அழுகை ஓய்வதற்குள் பந்தல்காரர்களும் ஐஸ் பெட்டியும் வந்துவிட்டார்கள். கூடவே அக்காள் மகன் சரவணக்குமார். சிவகாசி அச்சாபீஸில் டிசைன் போடுகிறவன். மாமாவைப் பார்த்ததும் பைக்கை ஸ்டாண்டு போட மறந்து விட்டுவிட்டான். அது சாய்ந்து விழுந்தது.

"மாமா! உசுரோடயா இருக்கீக?"

"அதுல ஒனக்கு வருத்தமாலே?"

"இல்ல மாமா... பெரியாஸ்பத்திரில இருந்து ஒரு அக்கா போன் பண்ணுச்சு. 'சங்கிலிமுத்துக்குச் சொந்தக்காரரா? பெரியவர் தவறிட்டாரு, வந்து வாங்கிக்கிடுங்க'ன்னுச்சு. மிஷின் சத்தத்துல நின்னு கேக்கவா முடியும்? வச்சிட்டு வேலையப் பாத்தேன். நம்ம சாதிசனம் வர்றதுக்குள்ள போஸ்டர் ஒட்டலைன்னா அச்சாபீஸ்காரன் மாமாவுக்கு அசிங்கம்ல?"

"போன் வந்த கொஞ்ச நேரத்துல இம்புட்டு டிசைன் எப்படிலே போட்ட? புறா எல்லாம் பறக்குது!"

சரவணக்குமார் தலையைச் சொறிந்தான். "அது... போன மாசம் நீங்க விழுந்தப்பவே போட்டு வச்சிட்டேன் மாமா. இன்னைக்குத் தேதி மட்டுந்தான் போட்டேன்."

சங்கிலிமுத்து அவனை அடிக்கக் கையை ஓங்கினார். பிறகு யோசித்து, கையை இறக்கிக்கொண்டார். ஊரே தன்னைப் போனவனாகக் கணக்கு வைத்திருக்கும்போது இவனை அடித்து என்ன ஆகப்போகிறது? மனது கனத்துப்போயிற்று.

"அதே திருட்டுக் கும்பல்தான் போன் பண்ணிருப்பானுக," என்றான் கட்டிலில் இருந்த மச்சினன். ஐஸ்வர்யா போனில் ஏசியதைச் சங்கிலிமுத்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்; அதோடு இது பொருந்திப்போனதால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்காரரோ, கொண்டுவந்ததைச் சும்மா திருப்பி எடுத்துப்போனால் அடுத்த பெட்டி உடனே கிளம்பும் என்று சாங்கியம் பேசி, அதை வாசலில் இறக்கிவிட்டார். வருகிறவர்கள் விவரம் கேட்காமல் காலிப் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சங்கிலிமுத்துவிடமே துக்கம் விசாரித்தார்கள். பழைய கம்பெனியில் இருந்து மரியாதைக்கு ஒரு நீளச் சரம் வந்தது. வேண்டாம் என்று சொல்வதற்குள் வெடித்தும் விட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவே மாரிசெல்வி வந்தாள். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் பிரஷரும் சுகரும் பார்க்கிறவள். அவள் மட்டும்தான் மாலை கொண்டுவரவில்லை, மிஷினைக் கொண்டுவந்தாள்.

"செத்தவருக்கு எதுக்குத்தா பிரஷரு?" என்றார் சங்கிலிமுத்து.

"கையை நீட்டுங்க தாத்தா. ஏறிக் கெடக்கு! காலைல மாத்திரை போடலையா? சார் வரலையா?"

"வரல."

ராஜசிங் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஞானதீபம் டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில். தெருவில் தனியாக இருக்கிற பெரியவர்களை மாரிசெல்விதான் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்துவிட்டிருந்தாள். விடிந்ததும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும் என்பது அவள் சட்டம். பேருக்குத்தான் சோடி. சார்தான் பார்த்துக்கொள்கிறவர், சங்கிலிமுத்து பார்த்துக்கொள்ளப்படுகிறவர் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. சாருக்குச் சுகர் இல்லை, பிரஷர் இல்லை. தினமும் கண்மாய்க்கரை வரைக்கும் நடப்பார். திரும்பி வந்து சங்கிலிமுத்துவுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் வாத்தியார் பார்வை பார்ப்பார்.

"சண்டையா?" என்றாள் மாரிசெல்வி.

"சுகரை வச்சிக்கிட்டுச் சீனிச்சேவு தின்னதை நேத்துப் பாத்துட்டாரு. முனியராஜுக்குப் போன் போடுதேன்னாரு. போட்டா இந்த வாசலை மிதிக்கப்படாதுன்னேன். 'மிதிக்கலப்பா'ன்னுட்டுப் போயிட்டாரு."

"நல்லாருக்கு போங்க!"

"நல்லாத்தான் இல்ல," என்றார் சங்கிலிமுத்து. "செத்துட்டேன்னு ஊரே வருது. சாத்தூர்ல இருந்து வாரான், மல்லாங்கிணத்துல இருந்து வாராக. எதிர்வீட்டுக்காரரு எட்டிப் பாக்கல பாத்தியா? சீனிச்சேவுக்கு இம்புட்டு வைராக்கியமா ஒரு மனுசனுக்கு? நானா இருந்தா வந்திருப்பேன்."

சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு காலையிலிருந்து சாத்தித்தான் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் கார் வந்தது. முனியராஜ் பந்தலைப் பார்த்தான், ஐஸ் பெட்டியைப் பார்த்தான், "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தான். உள்ளே யாரும் இல்லை. நிமிர்ந்தால், அப்பா பக்கத்து நாற்காலியில் டீ கிளாஸோடு இருந்தார்.

"வாப்பா. வண்டி ஓட்டிட்டு வந்திருக்க, டீ குடிக்கியா?"

முனியராஜ் அவர் காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை அழுதான். ஐஸ்வர்யா தூரத்தில் நின்று, "மாமா, காலைல போன்ல..." என்று ஆரம்பித்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விடுத்தா. நல்லாத்தான் ஏசின," என்றார்.

அழுகை வடிந்ததும் முனியராஜுக்குக் கோபம் ஏறியது. "பெட்டியக் கட்டுங்க. இப்பவே கெளம்புறோம்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா!"

"இன்னைக்கு ஆகலை. நாளைக்கு? கோயம்புத்தூர்ல இருந்து இங்கன வரைக்கும் நான் எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அப்படி வர என்னால முடியாதுப்பா. கொள்ளி வைக்கத்தான் வருவேன்னு இருக்கப் பிடிக்கல எனக்கு."

சங்கிலிமுத்து மகன் கையைப் பிடித்தார். "அங்கன வந்து நான் செத்தா அந்த மாடியில அஞ்சு பேரு வருவானா? இங்கன பாரு, சாகாமலே இம்புட்டுப் பேரு வந்திருக்காக. என் வீட்டுல என்னைய விட்டுருப்பா. ஒன்னையக் கும்புட்டுக் கேக்கேன்."

அப்பா தன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதும் முனியராஜ் உடைந்துபோனான். கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

"சரி. ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'ஒங்க அப்பாவுக்கு நான் பொறுப்பு'ன்னு என் மொகத்தைப் பாத்துச் சொல்லட்டும். விட்டுட்டுப் போறேன்."

பந்தலில் அத்தனை பேரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. விடிந்தால் கம்பெனி வேன் ஏறி, இருட்டினால் திரும்புகிறவர்கள். சோலையம்மாளுக்குக் கண் பார்வை போதாது. சரவணக்குமாரை யாருமே பார்க்கவில்லை.

சங்கிலிமுத்து எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். இனி ரோஷம் பார்த்து ஆகப்போவதில்லை.

"எதிர்வீட்டுச் சார் சொல்லுவாரு," என்றார். "மாப்புக் கேட்டுக் கூட்டிட்டு வாரேன். நாலு ஏச்சு ஏசுவாரு, ஏசட்டும். ஆனா சொல்லுவாரு."

"சார் சொன்னா எனக்குப் போதும்," என்றான் முனியராஜ்.

தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டினார். "சார்! தெரியாமச் சொல்லிட்டேன் சார். இனிமே சீனிச்சேவைத் தொட மாட்டேன். கதவைத் தெறங்க." மறுபடி தட்டும்போதுதான் கையில் இரும்பு இடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. வாசல் படியில் காலைப் பேப்பர் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது.

"சாரை இன்னைக்கு யாராச்சும் பாத்தீகளா?" என்று திரும்பிக் கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து பந்தல் முன்னால் நின்றது. வெள்ளை உடுப்போடு ஒரு பெண் இறங்கினாள். "நான் ஜெனிட்டா. பெரியாஸ்பத்திரி நர்சு. சங்கிலிமுத்துங்கிறவரு வீடு இதுதானா?"

சரவணக்குமாருக்குக் குரல் பிடிபட்டது. "காலைல போன் பண்ணுன அக்காவா?"

"ஆமா. பெரியவர் போன்ல சங்கிலிமுத்து சொந்தம்னு உங்க நம்பரும் இருந்துச்சு. அதுக்கப்புறம் உங்க போனு ஓயாம பிஸி. சங்கிலிமுத்துங்கிறவரு போன் அணைஞ்சே கெடக்கு. காலைல இருந்து உடம்பை வாங்க ஒருத்தரும் வரல. டூட்டி முடிஞ்சதும் நானே வந்துட்டேன்."

"எந்த உடம்புக்கா? எங்க மாமா அந்தா நிக்காரே!"

ஜெனிட்டா சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பூட்டைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. மெல்லத் தெருவைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இறந்துபோனவரு பேரு ராஜசிங்குங்கய்யா. விடியிறதுக்கு முன்ன நெஞ்சு வலிக்குதுன்னு அவராவே ஆம்புலன்ஸைக் கூப்புட்டு, வீட்டைப் பூட்டிட்டு ஏறி வந்திருக்காரு. ரொம்ப நேரம் தாங்கல."

சங்கிலிமுத்துவுக்குப் பூட்டில் இருந்து கையை எடுக்கத் தெரியவில்லை.

"அப்பம்... என் பேரு எப்படித்தா அங்கன வந்துச்சு?"

"மக வெளிநாட்டுல இருக்கான்னு சொன்னாரு. 'இங்க உங்களுக்குன்னு யாருங்கய்யா இருக்கா'ன்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்ன ஒரே பேரு உங்க பேருதான்."